மயிலைத் தெருப் பசுவும் அதன் நான்கு அறை வயிறும்



மயிலை மாடவீதிகளிலோ, தியாகராய நகர்க் கடைத்தெருக்களுக்குப் பின்னுள்ள சந்துகளிலோ, அடையாற்றிலோ, காலைத் திருப்பலிக்கு நடந்து செல்வோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. குப்பைத்தொட்டியருகே பசுவொன்று நிற்கும். முடிச்சிட்ட பிளாஸ்டிக் பையை முகர்ந்து பார்க்கும். உள்ளே நேற்றைய சோறும், வாழைப்பழத் தோலும், கத்தரிக்காய்க் காம்பும் இருப்பதை அதன் மூக்கு அறிந்துகொள்ளும். முடிச்சை அவிழ்க்க அதற்குக் கையில்லை. ஆதலால் பையோடு விழுங்கிவிடும்.

"அறிவற்ற பிராணி, எதையும் தின்னும்" என்று கூறிவிட்டு நாம் நடந்துவிடுகிறோம். இது பசுவுக்கு நாம் இழைக்கும் அநீதியாகும். காட்டிலும் புல்வெளியிலும் பன்னெடுங்காலம் அதன் இனத்தைக் காத்துவந்த ஓர் அருமையான உடலமைப்பே நம் நகரத் தெருவில் அதற்குக் கண்ணியாகிவிடுகிறது. அஃது எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், சென்னைப் புறநகரிலிருந்து ஒரு பசு வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. கன்று ஈன்று சில வாரங்களே ஆகியிருந்தன. பால் மிகவும் குறைந்துபோயிருந்தது. வலி தாளாமல் பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்துக்கொண்டிருந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை செய்து, அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ எடையுள்ள பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தனர். ஐம்பத்திரண்டு கிலோ என்றால் வளர்ந்த ஒரு மனிதரின் எடை! ஒருநாளில் விழுங்கியதன்று, சிறிது சிறிதாகச் சேர்ந்தது. சேர்ந்ததில் பெரும்பகுதி வெளியேறவே இல்லை என்பதுதான் இங்குக் கருதத்தக்கது. உண்ட மற்றவை எல்லாம் சாணமாக வெளியேறும்போது இது மட்டும் ஏன் உள்ளேயே தங்கிற்று? இவ்வினாவுக்கு விடை காண, உயிரினங்களின் குடல்களைச் சற்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உணவுக்கேற்ற குடல்

எவ்வுயிர்க்கு எவ்வுணவு என்பது அதன் குடலின் நீளத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது எனலாம். நொச்சிக்குப்பத்து மீன்கூடைகளைச் சுற்றிவரும் பூனையின் குடல் அதன் உடல் நீளத்தைப்போல ஏறத்தாழ 4 மடங்குதான். ஆட்டின் குடலோ ஏறத்தாழ 25 மடங்கு. ஏன் இந்த வேறுபாடு? மீனும் இறைச்சியும் பூனையின் உடலை ஒத்த பொருள்களால் ஆனவை. இரைப்பையில் ஊறும் அமிலமும் செரிமான நீர்களும் அவற்றை எளிதில் கரைத்துவிடும். புல்லின் நிலை வேறு. அதன் ஒவ்வொரு நுண்ணறையும் செல்லுலோஸ் என்னும் உறுதியான நார்ப்பொருளால் சுவரெழுப்பிக் கொண்டுள்ளது. பருத்தித் துணியும் காகிதமும் அதே பொருளே. அதனை உடைக்கும் நீரைத் தானே சுரக்கும் ஆற்றல், முதுகெலும்புள்ள விலங்கு எதற்கும் இல்லை. பசுவுக்கும் இல்லை, குதிரைக்கும் இல்லை, யானைக்கும் இல்லை.

அப்படியானால் இவை எவ்வாறு புல் தின்று வாழ்கின்றன? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்குத் தம் வயிற்றில் இடங்கொடுத்து, அவற்றைக் கொண்டு அந்நாரை உடைக்கச் செய்கின்றன. நுண்ணுயிர்களுக்கான அந்த விடுதி உடலின் எப்பகுதியில் உள்ளது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு.

செரிமானம் என்பது யாது என்று ஆராய்ந்தவர்களுள் ஒரு குருவானவர் முன்வரிசையில் நிற்கிறார் என்பதை நம் வாசகர்களுள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இத்தாலி நாட்டுப் பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லாட்சரோ ஸ்பல்லன்சானி (1729–1799) அவர். அவருக்கு முன்னரே, 1752ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் ஒரு பருந்தை வளர்த்து ஆராய்ந்திருந்தார். செரிக்காத எலும்பையும் இறகையும் பருந்து தானே கக்கிவிடும் அல்லவா? அவ்வியல்பைப் பயன்படுத்தி, இரு முனையிலும் வலையிட்ட சிறு உலோகக் குழாயில் இறைச்சியை வைத்து விழுங்கச் செய்தார். பருந்து கக்கிய குழாயைத் திறந்து பார்த்தபோது இறைச்சி கரைந்திருந்தது. குழாயின் சுவர் காத்துநின்றதால் வயிறு அதனை நசுக்கியிருக்க முடியாது. ஏதோ ஒரு நீர்தான் கரைத்திருக்க வேண்டும். ஸ்பல்லன்சானி அடிகளார் பற்பல பறவைகளிடமும் விலங்குகளிடமும் இதனைச் சோதித்தார். அதனோடு அமையாமல், அப்பமும் இறைச்சியும் வைத்துத் தைத்த சிறு துணிப்பைகளைத் தாமே விழுங்கிச் சோதித்து, 1780இல் நூலாக வெளியிட்டார். துணிப்பை வெளியேறியது, உள்ளிருந்த உணவு கரைந்திருந்தது. உலர்ந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை எழுதுவோர் இத்துணிவை எண்ணிப் பார்க்கலாம்!

அந்தப் பருந்தின் இயல்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாததை விழுங்கிவிட்டால் அதனைத் திருப்பி வெளியே தள்ள வழியுண்டா என்பதே, நகரத்தில் வாழும் உயிர்களுக்கு வாழ்வா சாவா என்னும் வினா.

பழைய கோபுரங்களின் இருண்ட மூலைகளில் தங்கும் கூகை எலியை முழுதாக விழுங்கும். சதை கரைந்தபின் எலும்பையும் மயிரையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். பூனை தன் உடலை நக்கும்போது விழுங்கிய மயிரைக் கக்குவதை வீட்டில் பூனை வளர்ப்போர் அறிவர். நாய் ஒவ்வாததைத் தின்றால் வாந்தியெடுக்கும். கிண்டியில் 1972ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் பாம்புப் பண்ணைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருப்பீர்கள். அங்குள்ள பாம்புகள் இரையை நாள்கணக்கில் செரிக்கும். விழுங்கியவுடன் அச்சுறுத்தப்பட்டால் இரையைக் கக்கிவிட்டு ஓடவும் கூடும்.

இவ்வாறு திருப்பித் தள்ளும் வழி எல்லாவற்றுக்கும் வாய்க்கவில்லை. மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் சிறுவரை ஏற்றிச் செல்லும் குதிரைகளைப் பாருங்கள். குதிரையின் உணவுக்குழல் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசைவளையம் மிக இறுக்கமானது. உணவு உள்ளே செல்லும், மேலே திரும்பாது. குதிரை வாந்தியெடுப்பதில்லை. அதனால்தான் கெட்டுப்போன தீனி தின்ற குதிரைக்கு வயிற்றுவலி கண்டால் வளர்ப்பவர் இரவு முழுதும் உறங்காமல் அதனை நடக்கவைப்பார்.

சாணமும் இலத்தியும்

குதிரைக்கும் பசுவுக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வுக்கூடத்திற்குப் போகாமலே காணலாம். குதிரையின் இலத்தியை உடைத்துப் பார்த்தால் வைக்கோல் துண்டுகள் அப்படியே தெரியும். பசுவின் சாணமோ அரைத்த மாவுபோல் இருக்கும். சுவரில் வறட்டி தட்டிய நம் பாட்டிமார்க்கு இது தெரியாததன்று. ஆனால் காரணம் என்ன?

குதிரையின் நுண்ணுயிர் விடுதி பின்வாசலில் உள்ளது. இரைப்பையையும் சிறுகுடலையும் கடந்தபின், பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பையில்தான் புல்லின் நார் நொதிக்கிறது. நேரம் குறைவு, பாதி நார் உடையாமலே போய்விடும். குதிரை அதனை ஈடுசெய்ய மிகுதியாகத் தின்றுகொண்டே இருக்கும். யானையும் இவ்வகையே. முயலும் பின்வாசல்காரன்தான், எனினும் ஓர் உபாயம் செய்கிறது. அந்தப் பையில் நொதித்து வரும் மென்மையான உருண்டைகளை, வெளிவந்ததும் மீண்டும் தின்று இரண்டாம் முறை செரிக்கிறது. லேவியர் நூலின் 11ஆம் அதிகாரம் முயலை அசைபோடும் விலங்குகளோடு சேர்த்துக் கூறுவதை வாசித்துவிட்டு, இது அறிவியலுக்கு முரணன்றோ என்று வினவும் இளைஞர்கள் உண்டு. முயலுக்குப் பசுவின் வயிறு இல்லைதான். ஆயினும் ஓயாமல் அசையும் அதன் தாடையையும், உணவை இருமுறை உண்ணும் அதன் வழக்கத்தையும் கண்ட பழங்கால மேய்ப்பர்கள் அவ்வாறு வகைப்படுத்தியதில் வியப்பில்லை.

பசுவின் விடுதி முன்வாசலில் உள்ளது. இதுவே அதன் பெருமை; இதுவே அதன் ஆபத்து.

நான்கு அறைகள்

பசுவுக்கு நான்கு இரைப்பைகள் என்று பேச்சுவழக்கில் கூறுவர். ஒரே இரைப்பையின் நான்கு அறைகள் என்பதே சரி. ஆட்டுக்குடல் சமைக்கும் தாய்மார்கள் இவற்றைக் கையால் தொட்டுக் கழுவியிருக்கிறார்கள். துவாலைத் துணிபோல் பொடிப்பொடி முனைகளுடன் இருக்கும் பெரும்பகுதி முதல் அறை. தேன்கூட்டைப்போல் கட்டங்கட்டமாக இருப்பது இரண்டாம் அறை. புத்தகத்தின் ஏடுகளைப்போல் மடிப்பு மடிப்பாக இருப்பது மூன்றாம் அறை. வழவழப்பாக இருக்கும் நான்காம் அறைதான் நம் இரைப்பைக்கு நிகரானது. அமிலம் சுரப்பது அதுமட்டுமே.

வளர்ந்த பசுவின் முதல் அறை 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். வயிற்றின் இடப்புறம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். அதில் அமிலமும் இல்லை, செரிமான நீரும் இல்லை. வெதுவெதுப்பான நீரும், ஊறும் புல்லும், நுண்ணுயிர்களுமே உள்ளன. அந்நீரில் ஒரு மில்லிலிட்டரில், அதாவது சில துளிகளில், ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை நாரை உடைத்துப் புளிக்கவைக்கும்போது பிறக்கும் கொழுப்பு அமிலங்களை அறையின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. பசுவுக்கு உடல்வலிமை தருவதும் பாலாக மாறுவதும் பெரும்பாலும் இவையே. நாள்தோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் வாயுவும் உண்டாகிறது. பசு ஏப்பமாக அதனை வெளியேற்றுகிறது. இறுதியில் அந்த நுண்ணுயிர்களே கூட்டங்கூட்டமாகப் பின்னறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு, நான்காம் அறையின் அமிலத்தில் மடிந்து, பசுவுக்குப் புரத உணவாகின்றன. எனவே பசு புல்லைத் தின்கிறது என்பதைவிட, புல்லிட்டுத் தன் வயிற்றில் ஒரு பயிர் வளர்த்து அப்பயிரை உண்கிறது என்பதே பொருந்தும்.

கன்று பிறந்தவுடன் இவ்விடுதி திறப்பதில்லை. பால் முதல் அறையில் விழுந்தால் புளித்துப்போகும். ஆகவே கன்று ஊட்டும்போது உணவுக்குழலின் முனையில் ஒரு மடிப்பு குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை நேரே நான்காம் அறைக்குக் கொண்டுசேர்க்கிறது. இத்துணை நுட்பமான ஏற்பாட்டைக் காண்கையில் படைத்தவரைப் போற்றாமல் இருக்க இயலுமோ!

இனி, அசைபோடுதலுக்கு வருவோம். பசுவின் மேல்தாடையில் முன்பற்கள் கிடையா; தடித்த ஈறே உண்டு. நீண்ட நாவால் புல்லை வளைத்துப் பற்றி இழுத்து, அரைகுறையாக மென்று விழுங்கும். திறந்த வெளியில் நெடுநேரம் தலைகுனிந்து நின்றால் புலிக்கோ ஓநாய்க்கோ இரையாக நேரிடும். எனவே விரைவாக விழுங்கிக்கொண்டு மறைவிடம் சேர்ந்து, பின்னர் கவளம் கவளமாக வாய்க்கு மீட்டு நிதானமாக மெல்லும். இதற்கு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் செலவாகிறது. ஊறும் உமிழ்நீர் மட்டும் 100 லிட்டரைத் தாண்டும். அவ்வுமிழ்நீரில் சமையல் சோடாவை ஒத்த உப்பு உள்ளது. நொதியலில் பிறக்கும் புளிப்பை அது தணிக்கிறது. இலத்தீனில் அசைபோடுதலைக் குறிக்கும் 'ரூமினாரே' என்னும் சொல்லையே பழைய துறவிகள் மறைநூலை மெல்லமெல்லச் சிந்திப்பதற்கும் வழங்கினர். தமிழிலும் நினைவுகளை அசைபோடுகிறோம் அல்லவா?

முதலில் விழுங்கு, பிறகு ஆராய் என்பதே பசுவின் வழக்கம். நல்லது எது, கெட்டது எது என்று நாவிலேயே பிரித்தறியும் வேலை அதனிடம் மிகக் குறைவு. இவ்வகையில் ஆடு கெட்டிக்காரி. சென்னை ஆடுகள் சுவரொட்டியைக்கூடத் தின்னும் என்று நாம் நகைக்கிறோம். ஆனால் ஆட்டின் உதடு இலை இலையாகத் தேர்ந்து பொறுக்கவல்லது. சுவரொட்டியிலும் காகிதம் செல்லுலோஸ், பின்னால் தடவியது மைதாப் பசை. இரண்டும் அதற்கு உணவே!

வெளியேற வழியில்லை

அசைபோடும்போது பசு பிளாஸ்டிக்கைத் துப்பிவிடக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். அசைக்காக மேலே வருவது, உணவுக்குழலின் வாயருகே மிதக்கும் ஊறிய புல்லின் ஒரு சிறு கவளம் மட்டுமே. பைகள் அறையின் உள்ளே அலைந்து, அசைவினால் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகி, பின் பந்தாகிவிடும். கீழ்நோக்கிச் செல்லவும் வழியில்லை. இரண்டாம் அறையிலிருந்து மூன்றாம் அறைக்குச் செல்லும் வாயில் ஒரு சல்லடையைப் போன்றது. சில மில்லிமீட்டர் அளவுக்கு அரைபட்ட துகள்களையே அது விடும். அரைபடாததை மீண்டும் அசைக்கு அனுப்புவதற்காக அமைந்த காவல் அது. புல்லாயின் என்றேனும் அரைபடும். பிளாஸ்டிக் ஒருநாளும் அரைபடாது. நுண்ணுயிர்களுக்கும் அதனை உடைக்கத் தெரியாது. ஆகவே பசு உயிரோடுள்ள வரை அது அங்கேயே கிடக்கும்.

கொடுமை யாதெனில், அத்தகைய பசு பார்வைக்குக் கொழுத்ததுபோல் தோன்றும். இடவயிறு புடைத்திருக்கும். வயிறு நிரம்பியிருப்பதால் பசிக்காது. உள்ளே இடமில்லாததால் தின்றதும் உடலில் ஒட்டாது. முதுகெலும்பு தெரியும், பால் வற்றும், அடிக்கடி வயிறு உப்பும். நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்து சாகும்.

கம்பியும் ஆணியும் வேறு வகையில் கொல்லும். கனமான இவை தேன்கூட்டறையின் அடியில் தங்கிவிடும். அவ்வறைக்கும் இதயத்துக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய தசைத்திரை மட்டுமே. அறை சுருங்கும் ஒவ்வொரு முறையும் கூர்முனை முன்னோக்கி நகர்ந்து, சிலவேளை இதயத்தின் உறையையே குத்திவிடும். இதற்காக மேலைநாட்டுப் பண்ணையாளர்கள் பசுவுக்கு ஒரு காந்தத் துண்டை விழுங்கக் கொடுத்து அவ்வறையில் தங்கச் செய்வதுண்டு.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை நடப்பில் உள்ளது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கப்பட்டது. எனினும் பைகள் மறைந்தபாடில்லை. பால் உறைகளுக்குச் சட்டமே விலக்களித்துள்ளது. பசு தந்த பால் பிளாஸ்டிக் உறையில் நம் வாயிலுக்கு வருகிறது. அவ்வுறை குப்பையோடு சேர்ந்து பசுவின் வயிற்றுக்கே போகிறது.

சோறும் கொல்லும்

பிளாஸ்டிக்கின் தீங்கைப் பலர் இன்று அறிவர். இனி நான் கூறப்போவதை அறிந்தவர் மிகச் சிலரே. ஆகவே சற்று அழுத்தமாகவே எழுதுகிறேன்.

பசுவின் முதல் அறை நாருக்காக அமைந்தது. அங்கே திடீரெனப் பெருமளவு சோறோ, பொங்கலோ, இட்லி மாவோ, இனிப்போ விழுந்தால், மாவுப்பொருளை விரும்பும் சிலவகைப் பாக்டீரியாக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். அவை தயிரில் உள்ளதைப் போன்ற புளிப்பு அமிலத்தை மிகுதியாக உண்டாக்கும். சோற்றை அசைபோட வேண்டுவதில்லை. அசையில்லையேல் உமிழ்நீரும் குறைவு. புளிப்பைத் தணிப்பார் எவருமில்லை. நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அமிலம் மிகுந்த அவ்வறைக்குள் உடலின் நீர் இழுக்கப்படும். பசு தள்ளாடும், கண்கள் குழிவிழும், கழிச்சல் காணும். தக்க மருத்துவம் கிடைக்காவிட்டால் ஓரிரு நாள்களில் இறந்துவிடும். இதில் பிளாஸ்டிக் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு தூய்மையான உணவாயினும் இதே விளைவுதான்.

நான் அறிந்த ஒரு பங்கில் திருவிழா அசனம் முடிந்து மிஞ்சிய சோற்றை, "வீணாக்க வேண்டாமே, வாயில்லா உயிர்கள் உண்ணட்டும்" என்று மதிற்சுவரோரம் கொட்டினார்கள். நல்லெண்ணமே. மறுநாள் மாலை, இரண்டு பசுக்களை வைத்துப் பிழைக்கும் ஒரு கைம்பெண் கோயில் வாசலில் வந்து நின்றார். ஒன்று விழுந்துவிட்டது, மற்றொன்று எழுந்திருக்கவில்லை. "சோறுதானே சாமி தின்னுச்சு, விஷமா தின்னுச்சு?" என்று அவர் கேட்ட கேள்விக்கு அங்கிருந்த எவருக்கும் விடை தெரியவில்லை. திருமண மண்டபங்கள் நிறைந்த தியாகராய நகரிலும், பொங்கல் நாள்களில் எல்லாத் தெருக்களிலும் இவ்விபத்து நேரக்கூடும். பசுவுக்கு அன்போடு ஊட்டும் இந்துச் சகோதரர்களும் இதனை அறிந்துகொள்வது நலம். ஓர் உருண்டைச் சோறு கெடுதல் செய்யாது. ஒரு பானைச் சோறு கொல்லும்.

அக்காலத்தில் வீட்டுக்கு வீடு கழுநீர்ப்பானை இருந்தது. அரிசி களைந்த நீரும், காய்கறித் தோலும், சிறிது தவிடும் அதில் சேரும். மாட்டுக்காரர் வந்து எடுத்துச் செல்வார். வைக்கோலோடு சேர்த்து அவர் அளந்து வைப்பார். தோலும் தவிடும் நீரும் கலந்த அதில் மாவு குறைவு, நார் மிகுதி. பசுவின் வயிற்றைப் படித்தறியாத நம் முன்னோர் அதனைப் பழகியறிந்திருந்தனர்.

மானும் ஆமையும்

பசு மட்டுமன்று, கிண்டி தேசியப் பூங்காவிலுள்ள புள்ளிமான்களும் வெளிமான்களும் அதே நான்கு அறை வயிறு உடையவையே. 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அக்காடு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்டது. நகரம் நாற்புறமும் அதனை நெருக்கி நிற்கிறது. பக்கத்திலுள்ள ஐ.ஐ.டி. வளாகத்திலும் மான்கள் உலவுகின்றன. இப்பகுதிகளில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாகச் செய்தித்தாள்களில் பலமுறை வாசித்திருக்கிறோம். பசுவுக்காவது உரிமையாளர் உண்டு. நோயுற்றால் மருத்துவரிடம் கொண்டுசெல்வார். மான் புதரில் படுத்து இறந்துவிடும்.

கடலிலும் இதே கதைதான். சனவரி தொடங்கி மார்ச் வரை பங்குனி ஆமைகள் பெசன்ட் நகர்க் கரையேறி முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர்களும் ஆர்வலர்களும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து அம்முட்டைகளைக் காத்து வருகின்றனர். கடலாமையின் உணவுக்குழல் முழுவதும் உள்நோக்கிச் சாய்ந்த முட்கள் உள்ளன. வழுக்கும் சொறிமீனை விழுங்கும்போது கடல்நீரை வெளியே பிதுக்கிவிட்டு இரையை மட்டும் நழுவாமல் பற்றிக்கொள்வதற்காக அமைந்தவை அவை. மிதக்கும் பிளாஸ்டிக் பையும் நீருக்குள் சொறிமீனைப் போலவே தோன்றும். ஒருமுறை பற்றினால் அம்முட்கள் அதனைத் திரும்ப விடுவதில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத் திருவிழாவுக்குப் பெருந்திரளாக மக்கள் நடந்து வருகின்றனர். வழிநெடுகிலும் அன்பர்கள் உணவும் நீரும் வழங்குகின்றனர். தண்ணீர் உறைகள் தடைசெய்யப்பட்ட 14 பொருள்களுள் அடங்கும் என்பதை நம் பங்குச் சங்கங்கள் முன்கூட்டியே நினைவிற்கொண்டு பானையும் குவளையும் ஏற்பாடு செய்தால் நன்று. அசனத்தில் மிஞ்சியதை மதிற்சுவரோரம் கொட்டாமல் அன்றே ஆளுக்குக் கொடுத்துத் தீர்க்க ஒருவரைப் பொறுப்பாக நியமிப்பதும் கடினமான செயலன்று.

வீட்டிலோ செய்யவேண்டியது இதனினும் எளிது. காய்கறித் தோலையும் கீரைத்தண்டையும் ஒரு பழைய வாளியில் தனியே வைத்து, மக்கும் குப்பையாக மாநகராட்சி ஊழியரிடம் கொடுங்கள். தெருவில் மாடு வளர்ப்பவர் இருந்தால் அவர் கையில் கொடுங்கள். எந்நிலையிலும் உணவைப் பிளாஸ்டிக் பையிலிட்டு முடிச்சுப் போடாதீர்கள். அந்த முடிச்சுதான் பசுவைக் கொல்கிறது. மாட்டைத் தெருவில் திரியவிடுவோர்க்கு மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் அபராதத்தைப் பலமடங்கு உயர்த்தியுள்ளது. அது தேவைதான், ஆயினும் மேய்ச்சல் நிலம் ஒன்றுமில்லாத நகரில் அம்மாட்டைக் கட்டிவைத்துத் தீனி வாங்கிப் போட இயலாத ஏழை உரிமையாளரை மட்டும் குறைகூறிப் பயனில்லை என்பது என் கருத்து.

இடவயிறு புடைத்து, அசைபோடாமல், சாணம் குறைந்து நிற்கும் மாட்டைக் கண்டால் உரிமையாளரிடம் சொல்லுங்கள். உரிமையாளர் தெரியாவிடில் 1959 முதல் இயங்கிவரும் புளூ கிராஸ் அமைப்புக்குத் தெரிவிக்கலாம். 1903இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் உள்ளது. அங்கு இத்தகைய அறுவை மருத்துவம் குறைந்த செலவில் செய்யப்படுகிறது. பெரும்பாலும் பசுவை நிற்கவைத்தே, இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தை மரத்துப்போகச் செய்து கீறி, முதல் அறையைத் திறந்து, மருத்துவர் தோள்வரை கையை நுழைத்துக் கையால் அள்ளி அள்ளி எடுப்பார்.

எல்லாம் எடுத்தபின்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். நெடுநாள் நோயுற்ற வயிற்றில் நுண்ணுயிர்கள் குன்றிப்போயிருக்கும். அவையின்றி எவ்வளவு பசும்புல் இட்டாலும் பயனில்லை. அப்போது நலமான வேறொரு பசுவின் முதல் அறையிலிருந்து சில லிட்டர் நீரை எடுத்து, நோயுற்ற பசுவின் வயிற்றில் ஊற்றுவதுண்டு. அந்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் புதிய இடத்தில் குடியேறிப் பெருகும். சில நாள்களில் பசு வைக்கோலை இழுக்கும். பிறகு படுத்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடி, தாடையை மெதுவாகப் பக்கவாட்டில் அசைக்கத் தொடங்கும். அதன்பின்தான் மருத்துவர் தையலைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம் என்று உரிமையாளரிடம் சொல்வார்.